யாழை மீட்ட துறவி

நூல்களை அறிஞர் அவையில் அரங்கேற்றுவது தமிழருக்குப் பழைய வழக்கம். நூலாசிரியர் தம் நூலைப் படிப்பார். அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவார். சொல்லுக்குச் சொல்லே அங்கே சான்றாகும். ஆனால், 1947 ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆம் நாட்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நிகழ்ந்த அரங்கேற்றத்துக்குச் சொல் மட்டும் போதவில்லை. அங்கே நரம்பும் பேசவேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளாக எவர் செவியிலும் விழாத யாழ் என்னும் கருவியைப் பற்றியது அந்நூல். அதனை இயற்றியவர், மட்டக்களப்பு வாவி சூழ்ந்த நாட்டில் பிறந்து துறவு பூண்ட விபுலாநந்த அடிகளார்.

நான் தமிழிலக்கியம் கற்பித்து வாழ்நாளைக் கழித்தவன், இசைப்புலவன் அல்லேன். ஆயினும், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வகுப்பிலே எடுத்துரைக்கும் எந்த ஆசிரியரும் ஓரிடத்தில் தயங்கி நிற்பதை நான் அறிவேன். யாழாசிரியனின் இலக்கணம் கூறும் பகுதி அது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர்களைச் சொல்லுகின்றோம், மாணவர் எழுதிக்கொள்ளுகின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் கேட்டார் எவருமிலர். நமக்குச் சொல்லாய் நிற்கும் அப்பெயர்களை மீண்டும் ஒலியாக்கிக் காட்ட ஒருவர் தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அவர் வரலாற்றை நம் மாணவருக்கு எடுத்துச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று தோன்றும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும் காரைதீவு என்னும் கடற்கரையூரில், 1892 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மை அம்மையாருக்கும் மகனாக அவர் தோன்றினார். பெற்றோர் வழங்கிய பெயர் மயில்வாகனன். அதே 1892 ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். ஏட்டில் உறங்கிய இசையிலக்கணம் அச்சிலேறிய ஆண்டும், அதனைத் துலக்கப் போகும் குழந்தை பிறந்த ஆண்டும் ஒன்றாயின. நான் சோதிடம் பேசவில்லை. ஆண்டுக் கணக்கைத்தான் சொல்லுகின்றேன்.

அவர் பிறந்த ஊரை அறிந்தவர்க்கு இன்னொன்றும் தெரியும். கண்ணகி கதை கிழக்கிலங்கையில் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அது வழிபாடாய் நின்று நிலைத்தது. காரைதீவிலே கண்ணகியம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களில் அங்கே சடங்கு நிகழும், வழக்குரை பாடப்படும், குளிர்த்தியோடு விழா நிறைவுறும். பிற ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் பாடமாய்க் கற்ற காப்பியத்தை, இவ்வூர்ப் பிள்ளைகள் அதற்கு முன்பே பாட்டாய்க் கேட்டு வளர்ந்தனர்.

கேட்பதற்கு இன்னொன்றையும் அந்நாடு அவர்களுக்கு வைத்திருந்தது. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தின் அருகே, நிலவொளி பரந்து காற்றடங்கிய இரவுகளில் நீரின் அடியிலிருந்து ஓர் இன்னோசை எழும் என்பர். மீன் பாடுகின்றது என்பார் ஒருசாரார். ஊரி என்னும் சிப்பியினம் ஒலிக்கின்றது என்பார் மற்றொருசாரார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை அரசின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் இங்கு வந்து அவ்வோசையைக் கேட்டுத் தம் நூலிலே வியந்து எழுதினார். அதனைக் கேட்கும் முறை தோணிக்காரருக்குத் தெரியும். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையிற் செவியை வைத்தல் வேண்டும். நீரின் அதிர்வை மரம் ஏந்திச் செவிக்குத் தரும். யாழின் பத்தர் செய்யும் வேலையும் இதுவே. நரம்பின் மெல்லிய அதிர்வை அதுவே பெருக்கி வெளியிடுகின்றது. இவ்வாவியின் இசையைப் பின்னாளில் அடிகளார் நீரரமகளிர் பாடும் ஏழிசையாகக் கற்பனை செய்து செய்யுளாகவும் யாத்தார்.

அவர் கல்வி இரு கரைகளைத் தொட்டுச் சென்றது. ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழ் தொடங்கினார். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலமும் கணிதமும் கற்றார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சியும் அதன்பின் விஞ்ஞானப் பயிற்சியும் பெற்றார். 1916 ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலே வெற்றி பெற்றார். ஈழநாட்டிலிருந்து அத்தேர்வில் முதன்முதல் தேறியவர் அவரே. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் வேதிநூல் கற்பித்தார். 1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராக அமர்ந்தார். பண்டிதர் என்றால் விஞ்ஞானம் அறியார், விஞ்ஞானி என்றால் தமிழ் அறியார் என்றிருந்த காலத்தில், மயில்வாகனனார் இரண்டுமாய் நின்றார். இந்த இரட்டைக் கல்வி இல்லையேல் யாழ் நூல் இல்லை என்பது என் துணிபு.

உத்தியோகமும் புகழும் கைக்கெட்டிய அந்நிலையில் அவர் எல்லாவற்றையும் விட்டார். 1922 ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். பிரமசரிய நிலையில் பிரபோத சைதன்யர் எனப்பட்டார். 1924 ஆம் ஆண்டு சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். துறவு அவரை உலகினின்று பிரிக்கவில்லை. உலகத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. தாய்நாட்டுக்கு மீண்டு இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். 1929 ஆம் ஆண்டு கல்லடி உப்போடையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில், தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த மதங்க சூளாமணி இதற்குள் 1926 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். தமிழ்த்துறையும் இசைத்துறையும் அருகருகே இயங்கிய இடம் அது. பழந்தமிழ் இசையைப் பற்றிய அவரது ஆராய்ச்சி அங்கே வேரூன்றியது.

அவர் எதிர்கொண்ட வினா எத்தகையது என்பதை வாசகர் உணர்தல் வேண்டும். பொருநராற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் யாழின் உறுப்புகளைப் புலவர்க்கே உரிய உவமைகளோடு வருணிக்கின்றன. பத்தர், போர்வை, கோடு, திவவு, ஆணி, நரம்பு என்று பெயர்கள் கிடைக்கின்றன. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர் எண்ணிச் சொல்லுகின்றனர். ஆனால் கருவி எங்கே? ஒரு கோயிற் கருவூலத்திலும் அது இல்லை. வீணையையே யாழென்று மயங்கியவரும் நம்மிடையே இருந்தனர்.

யாழ் ஏன் மறைந்தது என்பதற்கு ஒரு குறிப்பு, நாம் பத்திக்கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகும் ஒரு வரலாற்றில் இருக்கின்றது என்று நான் கருதுகின்றேன். திருஞானசம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தலந்தோறும் சென்று, அவர் பதிகங்களை யாழிலிட்டு வாசித்தார். தருமபுரத்தில், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடியருளினார். பாணர் வருந்தி யாழை உடைக்க முற்பட்டார், சம்பந்தர் தடுத்தார். யாழ் திறந்த நரம்புகளையுடைய கருவி; ஒரு நரம்புக்கு ஓரிசையே உண்டு. நரம்பை அழுத்தி இழுத்து, ஓரிசையிலிருந்து மற்றோரிசைக்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்கு அதில் இடம் அரிது. மெட்டுகள் பொருந்திய வீணையில் அது எளிது. மிடற்றுப்பாட்டு நுணுக்கமடையவே, பாட்டைத் தொடரமுடியாத கருவி பின்தங்கியது போலும்.

கருவி மறைந்தால் அதனோடு மறைவது மரக்கட்டை மட்டுமன்று. திருமுறைகளைத் தொகுத்த காலத்தில், பதிகங்களின் பண் எதுவென்று தெரியாமையால், அப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை நாடிச் சென்று பண்ணமைத்தனர் என்று திருமுறை கண்ட புராணம் கூறும். ஏடு இருந்தது, எழுத்து இருந்தது, இசை மட்டும் ஒருத்தியின் நினைவிலும் மிடற்றிலும் இருந்தது. அத்தகைய தொடர் அறுந்துவிட்டால் பின்வருவோர்க்கு மிஞ்சுவது வெறும் கணக்கே. அடிகளார் வந்தபோது மிஞ்சியிருந்தது அதுதான்.

அவர் அக்கணக்கையே வழிகாட்டியாகக் கொண்டார். ஏழிசைக்கும் உரிய அலகுகளை முன்னோர் வகுத்திருந்தனர். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2; ஆகக்கூட 22. இந்த எண்களைப் பண்டிதர் மனப்பாடம் செய்தனர். அடிகளார் இவற்றை ஒலிநூலின் துணையோடு நரம்பின் நீளமாக மாற்றினார். ஒரு நரம்பைப் பாதியாக்கினால் மேற்குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். இவ்விகிதங்களைத் தொடர்ந்து பெருக்கியும் வகுத்தும் செல்ல, ஒவ்வோர் இசைக்கும் உரிய இடம் புலப்படுகின்றது. அவருக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் அலகு 24 என்று நிறுவ முயன்றிருந்தார். அடிகளார் 22 என்னும் கொள்கையையே தழுவினார். முடிபு வேறாயினும், தமிழிசையைக் கணக்கால் அளக்கலாம் என்னும் துணிவை இருவரிடமும் காண்கின்றோம்.

பாலைத் திரிபு என்று இளங்கோவடிகள் காலத்து இசையோர் வழங்கிய முறையும் இதனாலே தெளிவடைந்தது. ஏழு நரம்பையும் ஒருமுறை பண்ணுறுத்தி வைத்துக்கொண்டு, முதல் நரம்பைக் குரலாகக் கொண்டு வாசித்தால் செம்பாலை. நரம்பைத் தளர்த்தாமலும் முறுக்காமலும் துத்தத்தையே குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. இவ்வாறே ஒவ்வொன்றையும் குரலாக்க ஏழு பாலைகள் தோன்றும். திறந்த நரம்புக் கருவியைக் கையில் வைத்திருந்தவர்க்கே இயல்பாகத் தோன்றக்கூடிய முறை இது. யாழை மறந்தவர்க்கு இது புதிராயிருந்ததில் வியப்பில்லை.

இவ்வாராய்ச்சிக்கு ஏறக்குறைய 14 ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகள் ஓய்வான ஆண்டுகள் என்று எவரும் எண்ணவேண்டா. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கச் சென்னையிற் கூடிய அறிஞரிடையே முன்னின்று உழைத்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராயிருந்தார். பனிமலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டும் பாணர் கைக்கருவியை அவர் மறந்தாரில்லை. 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பாடசாலைகளின் கவலை, பல்கலைக்கழகத்தின் கடமை, மடத்தின் ஒழுங்கு, நலிந்துகொண்டிருந்த உடல் ஆகிய இவற்றின் இடைவெளியிலே யாழ் நூல் வளர்ந்தது. புதுக்கோட்டையில் சிதம்பரம் செட்டியார் என்னும் வள்ளல், இராம நிலையம் என்னும் தம் மனையில் இடந்தந்து, நூல் நிறைவேறத் துணைநின்றார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பிக்க முன்வந்தது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத் திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்று ஏழு இயலாக நூல் அமைந்தது. ஏழிசையை ஆராய்ந்த நூல் ஏழு இயலாய் நின்றதும் அழகுதான்.

அரங்கேற்றத்துக்குத் திருக்கொள்ளம்பூதூர் அமைந்ததும் பொருத்தமே. ஆற்றிலே வெள்ளம் பெருகி ஓடக்காரர் ஓடம் விட அஞ்சிய வேளையில், சம்பந்தர் பதிகம் பாடி, அதன் வலியால் ஓடத்தைக் கரை சேர்த்த தலம் அது. யாழ் உடையாமற் காத்தவர் திருமுன்னிலையில், தோணியோடும் வாவிக்கரையிற் பிறந்த ஒருவர், அந்த யாழை மீண்டும் கொண்டுவந்து வைத்தார்.

நூல் மட்டும் அங்கே கொண்டுவரப்படவில்லை என்பதுதான் கருதத் தக்கது. அடிகளாரின் ஆராய்ச்சியின்படி அமைந்த முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை ஆகிய கருவிகளை ஏந்தி ஊர்வலம் வந்தனர். அறிஞரும் இசைவாணரும் திரண்டிருந்த அவையில், தஞ்சை நால்வர் மரபில் வந்த சங்கீதபூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை அக்கருவிகளை மீட்டி இசைத்தார். ஏட்டில் எண்ணாயிருந்தது அன்று காற்றில் இசையாயிற்று. அவையோர் அதனைக் கண்ணால் மட்டும் படித்திருந்தால், ஆசிரியர் சொன்னது சரியோ தவறோ என்று வாதிடலாம். செவியாற் கேட்டபின் வாதத்துக்கு ஓர் அடிப்படை கிடைத்துவிடுகின்றது. இதுவே விஞ்ஞானம் கற்றவரின் முறை. சோதனைச் சாலையிலே ஒரு கொள்கையைச் செய்து காட்டுவதுபோல, தம் கொள்கையை அவர் கோயில் அரங்கிலே செய்து காட்டினார். அடிகளாரின் பெருமைகளுள் இதனையே நான் தலையாயதாகக் கொள்ளுவேன். ஆராய்ந்து எழுதியதோடு தம் வேலை முடிந்ததென்று அவர் இருக்கவில்லை. தம் கணக்கை ஒரு கலைஞனின் விரலிடம் ஒப்படைத்தார்.

அதன்பின் அவருக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. அரங்கேற்றம் முடிந்து 43 ஆம் நாள், 1947 ஆம் ஆண்டு ஜூலை 19 இல், கொழும்பிலே அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 55. அவர் திருவுடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்து நிலத்திலே அடக்கம் செய்யப்பெற்றது.

நூல் நின்றது. 1974 இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. பட்டத் தேர்வுகளிலே அதனைப் பற்றி வினாக்கள் எழுந்தன, கட்டுரைகள் பெருகின. கல்லடியிலே 1982 ஆம் ஆண்டு அடிகளார் பெயரால் இசை நடனக் கல்லூரி தோன்றிற்று. அது பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று வழங்குகின்றது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. ஆயினும், திருக்கொள்ளம்பூதூரிலே ஒலித்த நரம்பு நம் அரங்குகளிலே தொடர்ந்து ஒலித்ததோ என்று கேட்டால், விடை மனத்தை வருத்துவதாகவே இருக்கின்றது. யாழைப் பற்றிப் பேசுவோர் பலர். பயில்வோர் மிகச் சிலர்.

யாழின் உறவுக் கருவி உலகில் அழிந்துவிடவில்லை. அமராவதிச் சிற்பங்களிலே வில்போல் வளைந்த கோடும் வரிசையான நரம்பும் உடைய கருவியை ஏந்திய மகளிரைக் காண்கின்றோம். அதே வடிவில் சவுங் என்னும் கருவியைப் பர்மியர் இன்றும் பயிலுகின்றனர். ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்கு அது இடையறாது வந்துகொண்டிருக்கின்றது. அங்கே அதைக் கணக்கிட்டுத் தேடும் துறவி ஒருவர் வேண்டியிருக்கவில்லை. கை மறவாதிருந்தால் கணக்குக்குத் தேவை எழாது. நம்மிடையே அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டிலே தருண் சேகர் என்னும் இளங் கருவிக் கலைஞர் யாழைத் தம் கையாற் செய்து, அதிற் புதுப்பாடலும் இசைத்து வெளியிட்டிருக்கின்றார். பழைய யாழ் அப்படியே இதுதானோ என்று புலவர் ஆராயட்டும். கருவி செய்து நரம்பு பூட்ட ஒருவர் முன்வந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

தமிழாசிரியர்களாகிய நாம் அடிகளாரின் நினைவு நாளிலே படத்துக்கு மாலையிடுகின்றோம், சொற்பொழிவாற்றுகின்றோம். அவற்றோடு வேறொன்றும் செய்யலாம். ஒரு பலகையும், ஒரே தன்மையுள்ள ஏழு கம்பியும், ஓர் அளவுகோலும் இருந்தாற் போதும். விஞ்ஞான ஆசிரியரையும் அருகிலே வைத்துக்கொண்டு, அடிகளார் காட்டிய விகிதப்படி கம்பிகளை ஒரே முறுக்கிற் கட்டி, குரலையும் இளியையும் மாணவர் செவியிலே விழச் செய்யலாம். அதற்குப் பின் அரங்கேற்று காதையைத் திறந்தால், அந்த ஏழு பெயர்களும் அவர்களுக்குத் தேர்வுக்குரிய சொற்களாக மட்டும் இருக்கமாட்டா. பண்டிதரும் விஞ்ஞானியும் ஓருருவாய் வாழ்ந்த அம்மனிதருக்கு, பண்டிதரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே வகுப்பிற் சேர்ந்து நின்று செய்யும் அவ்வழிபாடே தகும்.